மூச்சு முட்டிய மெத்தை லாரி

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, முதுகுவலி எல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கா? அப்போ உட்காருங்க, டர்போ கதையைக் கேளுங்க.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம். அதுக்குள்ள அந்த நாத்தம் போகலேன்னா, மெத்தை ஏத்த வேற வண்டி பாத்துக்கறேன்!"

டர்போவிடம் இப்படிச் சொல்லிவிட்டு மெத்தைக்கடை முதலாளி போனை வைத்தார். அந்த ஒரு கடைதான் அவன் பிழைப்பு.

டர்போ என்பது தெரு வைத்த பெயர். தன் டீசல் லாரிக்கு, இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் பெரிய டர்போ மாட்டியவன் அதோடு நின்றானா? இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் குழாயையும் பிடுங்கி, கீழே தொங்கவிட்டான். "என் டர்போ எதுக்கு அழுக்குப் புகையைக் குடிக்கணும்?" என்பது அவன் கட்சி. அன்றிலிருந்து சிக்னலில் நின்றால் போதும், புகை கேபினுக்குள் ஏறிக் கூடவே உட்கார்ந்துகொள்ளும்.

மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள்.

"டீசல் வண்டின்னா அப்படித்தான். செண்டு ஊத்தியா ஓட்ட முடியும்?" என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

ஆனால் முதலாளி சொன்னால் வேறு. உடனே நீளக் குழாய் வாங்கி, லாரியின் பின்பக்கம் வரை இழுத்துக் கட்டினான். கேபின் சுத்தம். நாற்றம் பின்னால் பெட்டிக்குள் குடிபோய்விட்டது.

"ஏங்க, மெத்தையே அங்கதானே ஏத்துவீங்க?"

"தெரியும், தெரியும்!"

மறுநாள் குழாய் முனையில் காலிப் பெயிண்ட் டப்பாவைக் கட்டினான். புகை எண்ணெயாகி டப்பாவில் சேர்ந்தது. முதல் வேகத்தடையிலேயே டப்பா குப்புறக் கவிழ்ந்தது. தெருமுனையிலிருந்து வாசல் வரை கறுப்புக் கோடு.

"வீட்டுக்கு வழி மறந்துடும்னு அடையாளம் போட்டுட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு.

திங்கட்கிழமை டர்போவுக்கு வெறி வந்துவிட்டது. குழாய் வாயில் மரக்கட்டையை அறைந்து இறுக்கினான். "இப்ப வா, பாக்கலாம்!"

வந்தது. பத்தாவது நிமிஷம் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி 'டப்'பென்று எகிற, பின்னாலேயே எண்ணெய் பீய்ச்சியது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த டர்போவின் முகத்தில் கண் இரண்டும்தான் மிச்சம்.

மனைவியின் தம்பி மெக்கானிக். வந்தவன் வயிறு வலிக்கச் சிரித்து முடித்துத்தான் ஸ்பேனரைத் தொட்டான்.

"மாமா, இன்ஜினும் மூச்சு விடணுமில்ல? வாயைப் பொத்தினா?"

"பாடமெல்லாம் அப்புறம் எடு. செவ்வாய்க்கிழமை நாளைக்குடா!"

மச்சினன், புகையிலிருந்து எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் டப்பா ஒன்றைப் பொருத்தி, குழாயைப் பழையபடி இன்ஜின் காற்றிழுக்கும் வழியில் சேர்த்தான்.

"மாசாமாசம் டப்பாவைக் காலி பண்ணுங்க. உங்க டர்போவுக்கு எண்ணெய் போகாது, எங்கக்கா மூக்குக்கு நாத்தம் போகாது."

செவ்வாய்க்கிழமை காலை டர்போ கடை வாசலில் லாரியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லாக் கதவையும் திறந்து வைத்தான்.

"முதலாளி, ஏறி மோந்து பாருங்க! பொறந்த குழந்தை மாதிரி இருக்கு."

முதலாளி ஏறினார். உட்கார்ந்தார். இறங்கினார். டர்போ பின்னாலேயே ஓடினான்.

"வேலை எனக்குத்தானே முதலாளி?"

"உன் வேலை எங்கய்யா போச்சு? எனக்கு மூக்கு செத்து ஆறு வருஷமாச்சு. உன் சம்சாரம்தான் போன் பண்ணி, 'நான் சொன்னா அவர் காதுல ஏற மாட்டேங்குது, நீங்க ஒரு மிரட்டு மிரட்டுங்க'ன்னுச்சு!"

உங்க வீட்லயும் வெளியாள் சொன்னாத்தான் கேக்கற ஆளு ஒண்ணு இருக்குமே? ஒளிக்காம எழுதி அனுப்புங்க.