டாங்க் இருவரும் ஷஹீராவும்

பொந்தியானில் என் மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் குளியலறை. எங்கள் பெர்மாஸ் ஜெயா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் முடிவெடுக்கக்கூடிய ஒரே அறை அதுதான்.

கல்யாணம் நடக்கும் அதே சனிக்கிழமை மதியம் எங்கள் ஆன்லைன் விளையாட்டுக் குழு, மூன்று மாதமாகச் சாகாத ஒரு ராட்சசனை அடிக்கப் போகிறது. குழுவில் நானும் என் மனைவியின் தம்பி உபைதும் டாங்க். பீரங்கி வண்டி இல்லை. ராட்சசனைச் சீண்டி, அவன் அடியை வாங்கிக்கொள்ளும் ஆள். கல்யாணமானவனுக்கு இதில் தனிப் பயிற்சி தேவையில்லை. ஒருவனே சீண்டினால் ஒருவனே சாவான். அதனால் மாற்றி மாற்றிச் சீண்டி, அடியைச் சமமாகப் பங்கு போட வேண்டும். பின்னால் ஹீலர் லோகேஸ்வரன் நின்று எங்களுக்கு உயிர் ஊட்டுவார். நாங்கள் வராவிட்டால் எங்கள் இடம் வேறு இரண்டு பேருக்குப் போய்விடும்.

"மாப்ளே, வீட்டிலயும் அதே டெக்னிக்தான்," என்றேன் உபைதிடம். "முதல்ல நீ வரலன்னு சொல்லு. உங்க லாத்தா உன் மேல பாய்வா. உனக்குப் பாதி உயிர் போனதும் நான் உள்ள வர்றேன்."

"ஏன் மச்சான், நான் முதல்ல?"

"நீ கூடப் பிறந்தவன். கொஞ்சம் பார்த்து அடிப்பா."

வெள்ளிக்கிழமை மாலை என் மனைவி, உபைதின் அக்கா ஷஹீரா, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, நாளைக்கு நான் வரல."

"சரி."

உபைத் என்னைப் பார்த்தான். இன்னும் சீண்டு என்று கண்ணைக் காட்டினேன்.

"கல்யாணச் சாப்பாடு ஒத்துக்காது லாத்தா. நீ செஞ்ச தால்சாவுக்கே போன தடவை வயிறு போச்சு."

எனக்கே திக்கென்றது. அவள் சட்டையை மடித்து வைத்தாள்.

"வயித்தைப் பார்த்துக்க."

நான் உள்ளே குதித்தேன். "எனக்கும் முதுகு வலி. அவ்வளவு தூரம் கார்ல உட்கார முடியாது."

"கம்ப்யூட்டர் முன்னால மட்டும் உட்கார முடியுமா?"

"அது வேற நாற்காலி."

"சரி, ரெஸ்ட் எடுங்க. நான் பக்கத்து வீட்டு மஜீதா கார்ல போயிக்கிறேன்."

ஆடிப்போய்விட்டேன். பதினாறு வருடத்தில் அந்த வாயிலிருந்து ஒரே நாளில் இரண்டு 'சரி' வந்ததில்லை.

"மச்சான், எனக்குப் பயமா இருக்கு," என்றான் உபைத்.

எனக்கும்தான்.

சனிக்கிழமை மதியம் ராட்சசன் வந்தான். ஹீலரைக் காணோம். போன் போட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"எங்க இருக்கீங்க, லோகேஸ்?"

"பொந்தியான்ல அண்ணே. அக்கா நேத்தே எங்க வீட்டுக்காரி லோஷினிக்கு போன் பண்ணி, குடும்பத்தோட வரச் சொன்னாங்களே. நீங்களும் வருவீங்கன்னு நினைச்சேன். அலமாக், பிரியாணி செம லா."

போன் கை மாறியது.

"என்னங்க, முதுகு எப்படி இருக்கு?"

"ஷஹீரா, உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமா சோறு போடும்போதெல்லாம் இந்தக் கதையைத்தானே சொல்றீங்க. டாங்கை அடிச்சா எனக்குக் கைதான் வலிக்கும். ஹீலரைத் தூக்கிட்டாப் போதும்."

திரையில் ராட்சசன் எங்கள் இருவரையும் மிதித்து முடித்திருந்தான்.

"சாப்பாடு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"பந்தி முடியப் போவுது. சட்டி கழுவத்தான் ஆள் இல்ல."

போகாவிட்டால் திரும்பி வந்து என்ன செய்வாளோ என்ற பயத்தில், முதுகு வலியும் வயிற்று வலியும் ஒரே காரில் பொந்தியான் போய்ச் சேர்ந்தன. மண்டபத்துக்குப் பின்னால் எட்டுச் சட்டிகள் காத்திருந்தன. ஷஹீராவே அவற்றைச் சமமாகப் பங்கு போட்டாள், ஆளுக்கு நாலு.

தீய்ந்துபோன நாலும் எனக்கு.