சீர்க் கட்டிலில் பெயர் வெட்டிய கதை

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வது எனக்கு ஒரு வியாதி. என்ன வேலை, அது எனக்குத் தெரியுமா என்று மூளை யோசிப்பதற்குள் வாய் சொல்லி முடித்துவிடும். இந்த வியாதியால் மானத்தை இழந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். மானத்தை இழந்து, பதிலுக்கு ஒரு தேக்குக் கட்டில் கிடைத்தவன் அனேகமாக நான் ஒருவன்தான்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் ஒன்றில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். தறி நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிரில், லேசரால் மரத்தில் எழுதும் சின்ன மிஷின் ஒன்றை உதிரி உதிரியாக வரவழைத்தேன். நாலு அலுமினியச் சட்டம், மோட்டார்கள், மோட்டார்களுக்கு உத்தரவு போடும் ஒரு போர்டு, தீப்பெட்டி அளவில் லேசர். கம்ப்யூட்டரில் எழுதியதை போர்டு வாங்கி மோட்டாரை நகர்த்தும், லேசர் எரித்துக்கொண்டே போகும். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் காபி குடித்துக்கொண்டே இதை மாட்டி முடித்தார். (அவர் வீட்டில் மாமனார் கிடையாது என்பதை நான் கவனிக்கவில்லை.)

என் மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, வன்னியம்பட்டியில் தோட்டம். தோட்டத்து வரப்பில் சில தேக்கு மரங்கள். எங்கள் கல்யாணத்தின்போது அவை வெட்டும் பருவத்துக்கு வரவில்லை. அதனால் மூத்த மகளுக்கு, அதாவது என் மனைவி செல்விக்கு, சீராக வந்தது இரும்புக் கட்டில். ஒருவர் புரண்டு படுத்தால் தெருவுக்கே கேட்கும். இளையவள் தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது மரம் முற்றியிருந்தது. வெட்டினார்கள், அறுத்தார்கள், தலைமாட்டுப் பலகையைச் சுற்றிப் பூ வேலை செய்து அருமையான கட்டிலாக ஆக்கினார்கள். செல்வி அதைத் தடவிப் பார்த்தாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததற்கு நான் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் பெயர் வெட்டுவார்கள். குடம், அண்டாவில் தொடங்கிக் கரண்டி வரை. இரவல் போன பாத்திரம் திரும்பி வருவது அந்தப் பெயரால்தான். யார் பெயர் இருக்கிறதோ பொருள் அவருடையது, அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"பாத்திரம் அம்புட்டுலயும் பேரு வெட்டியாச்சு. கட்டில்ல மட்டுந்தான் ஒண்ணும் இல்ல" என்றார் மாமா.

"பொண்ணு மாப்பிள்ளை பேரை லேசர்ல வெட்டிருவோம் மாமா. நான் பாத்துக்கிடுதேன்."

இதைச் சொன்னபோது மிஷின் அட்டைப்பெட்டியில் இருந்தது.

போர்டைக் கம்ப்யூட்டரில் செருகினேன். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். போர்டு விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் பார்த்தால் நான் செருகியது பழைய செல்போன் சார்ஜர் வயர். அதில் கரண்ட் மட்டும் போகுமாம், தகவல் போகாதாம். எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்!

வயரை மாற்றினேன். மோட்டார் நகராமல் குளிர்க்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கியது. அதன் வயர் ஜோடியை மாற்றிக் கொடுத்தேன். இடப்பக்கம் போகச் சொன்னால் வலப்பக்கம் போனது. அதையும் சரிசெய்தேன். பத்து சென்டிமீட்டர் போகச் சொன்னால் ஐந்தில் நின்றது. ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று போர்டுக்குள் ஓர் எண் உண்டு. அதைத் திருத்துவதுதான் முறை. எனக்கு அது தெரியாததால், எழுத்தையே இரண்டு மடங்கு பெரிதாக்கி மிஷினை ஏமாற்றினேன்.

சோதனைக்கு ஒரு மாம்பழப் பெட்டிப் பலகை. என்ன எழுதுவது? பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே "ச. கணேசன், இராஜபாளையம்" என்று என் பெயரையே போட்டேன். வீடு முழுக்கப் புகை. புகை அடங்கியபோது பலகையில் என் பெயர் கருகருவென்று நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (பாதி ஆனந்தம், பாதி புகை.)

செல்வி வந்து எட்டிப் பார்த்தாள். "உங்க பேரு மரத்துல நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அப்புறம் அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். ஆனால் மெமரி கார்டிலும் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தேன்; அந்த இரட்டிப்பு அளவுப் பெயரை அழிக்க மறந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சீர், மாப்பிள்ளை வீட்டுக்குக் குட்டியானைச் சரக்கு வண்டியில் போக வேண்டும். அன்று காலை மிஷினைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போய் இறங்கினேன். தலைமாட்டுப் பலகையைத் தனியே கழற்றி முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். அதன் மேல் சட்டத்தை வைத்து, லேப்டாப்பைச் செருகி, பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் இணைப்பு அறுந்தது. திரும்ப இணைத்தேன். திரும்ப அறுந்தது. அடுக்களையில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் இப்படி ஆகிறது என்று புரிந்தது.

"அத்தை, செத்த நேரம் கிரைண்டரைப் போடாதீங்க!"

"நல்லா இருக்கே! மத்தியானம் வாரவங்களுக்கு இலையில மிஷினையா வைப்பேன்?" என்றார் மாமியார்.

செல்விதான் வழி சொன்னாள். "ஏங்க, கார்டு போட்டு ஓட்டுததுக்குன்னு ஒரு குட்டி டப்பா வாங்குனீங்கள்ல? அதுல ஓட்டுங்களேன்."

உண்மைதான். கம்ப்யூட்டர் இல்லாமலே, கார்டில் இருப்பதைப் படித்து மிஷினை ஓட்டும் ஒரு சிறு பெட்டி என்னிடம் இருந்தது. மணமக்கள் பெயரை அதே கார்டில் ஏற்றிப் பெட்டியில் செருகினேன். இங்கேதான் என் மொழிப்பற்று குறுக்கே வந்தது. ஃபைல்களுக்கு அழகாகத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. திரையில் ஒரு வரி முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி, அதுவும் கட்டம் கட்டமாக. புதிதாக ஏற்றியதுதானே மேலே வரும் என்று முடிவு செய்து மேல் வரியை அழுத்தினேன்.

அழுத்திவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? லேசரைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று எல்லோரையும் வெளியே விரட்டினேன். பச்சைக் கண்ணாடி என் ஒருவனிடம்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மிஷினைப் பார்த்திருக்க வேண்டியவன், வாசல் நிலையில் சாய்ந்து நின்று, திரண்டிருந்த சொந்தக்காரர்களுக்கு லேசர் என்றால் என்ன என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். கரிவாசம் வந்தபோதுகூட, "அப்படித்தான் வரும், பயப்படாதீங்க" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். பச்சைக் கண்ணாடி வழியாகவும் அது என் பெயராகத்தான் தெரிந்தது. திருத்திய மிஷினில் இரட்டிப்பு எழுத்து, முழுச் சூட்டில், அரசியல் சுவரொட்டி அளவுக்கு வந்துகொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன், நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய இடத்தில் நின்றது.

"ச. கணேசன், இராஜபா."

மாமா உள்ளே வந்தார். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பட்டாளம் முழுக்கக் கேட்கிற குரல் அது. வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"என்ன மாப்ள இது?"

"மாமா, அது வந்து, போன தடவை ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எட்டு வைக்கிறது..."

"நான் கேட்டது மோட்டாரை இல்ல. எம் மக கட்டில்ல உங்க பேரு எதுக்குங்கேன்?"

தேவி வந்து பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒருமுறை படித்தாள், இரண்டாம் முறை படித்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஐயோ அத்தான், நாளைக்கு அவிய வந்து, யாருட்டி இந்தக் கணேசன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் விரலை எழுத்துக்குள் விட்டுப் பார்த்தார். "ரொம்ப ஆழமா எரிஞ்சிருக்கு. இழைச்சா சுத்தி இருக்க பூவும் சேந்து போயிரும்" என்றார். மாமா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த மரம் அது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மாமா கடையில் அவசரமாக ஒரு பாலிஷ் போட்ட ரெடிமேட் கட்டில் எடுத்து சீரோடு ஏற்றினார். தேக்குக் கட்டிலை என்ன செய்வது? மாமா தீர்ப்பு சொன்னார். "பேரு யாருதோ அவரே கொண்டு போகட்டும். பேரு வெட்டின பொருளை நான் வீட்டுல வைக்க மாட்டேன்." அதே குட்டியானை சீரை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் கட்டிலை ஏற்றி இராஜபாளையத்தில் கொண்டுபோய் இறக்கியது.

கல்யாணப் பந்தியில் எல்லாக் கண்ணும் என் மேல். "பெரிய மாப்ள கமுக்கமா பேரு வெட்டிட்டாருல்லா!" "பட்டா போட்ட மாதிரி ஊரோட சேத்துப் போட்டிருக்காரு." நான் விட்டிருக்கலாம். விடவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், மோட்டார் எட்டு, இரட்டிப்பு எழுத்து, கட்டம் கட்டமாக வந்த திரை என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் மரியாதை கூடியது. "எம்புட்டு பிளான் பாத்தியா!" என்றார் ஒரு பெரியவர். அத்தோடு என் எரிச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. பாயசம்கூட வாங்காமல் எழுந்துவிட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேராகப் படுக்கையறைக்குத்தான் போகிறார்கள். என் சகலை வரும்போதெல்லாம், "என் கட்டில் சௌக்கியமா அண்ணாச்சி?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். மாமியார் வீட்டில் எல்லோரும் கூடிக் காபி குடித்தால், தேவி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள். "அப்பா பேரு போட்டிருக்கு அத்தான், பாத்துக்கிடுங்க."

செல்வி ஒருத்திதான் என்னை ஒரு வார்த்தை திட்டாதவள். "நீயாவது நான் வேணும்னு செய்யலன்னு நம்புதியா?" என்று ஒருநாள் கேட்டேன். அவள் சத்தமே வராத கட்டிலில் சுகமாகப் புரண்டு படுத்து, "நம்புதேன், நம்புதேன். லைட்டை அமத்துங்க" என்றாள்.

போன பொங்கலுக்கு வன்னியம்பட்டித் தோட்டத்துக்குப் போயிருந்தோம். வரப்பில் மிச்சம் இருக்கிற தேக்கு மரங்களில் எல்லாம், ஆளுயரத்தில், சிவப்புப் பெயின்ட்டில் மாமா தன் பெயரை எழுதி வைத்திருந்தார். "இந்தத் தடவை நான் முந்திக்கிட்டேன் மாப்ள" என்றார் சிரிக்காமல்.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். செல்வி மட்டும் இருக்கிறதிலேயே பருத்த மரத்தை இரண்டு கையாலும் அணைத்து அளந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இதுல ஒரு பீரோ வரும்லா? அந்த மிஷின் இன்னும் நல்லாத்தான இருக்கு?"