சிதறிக் கிடந்த ஜாதகங்கள்

திரையில் அறுபத்தொரு சதவீதம் என்று வந்ததும் ஜீவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்டார் சபாபதி.

"டிஸ்க்குல பாதிக்கு மேல துண்டுதுண்டாச் சிதறிக் கிடக்கு அங்கிள். அதான் ஒரு ஜாதகம் திறக்க அஞ்சு நிமிஷமாகுது. டீஃப்ராக் பண்ணி, எல்லாத்தையும் சேர்த்து அடுக்கணும்."

ரெங்கம் என்ற அந்தச் சிற்றூரில் சபாபதியைத் தெரியாதவர்கள் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் பெக்கோக் முதல் மெர்சிங் வரை, பெண் இருக்கிற வீட்டுக்காரர்கள் பொருத்தம் பார்க்க அவரிடம்தான் வருவார்கள். ஜீவனும் பெண் விஷயமாகத்தான் வந்திருந்தான். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்து ஊரான குளுவாங்கில் கம்ப்யூட்டர் கடை. "அப்பாவோட கம்ப்யூட்டரச் சரி பண்ணிக் கொடுங்க. முதல்ல அவருக்கு உங்களப் பிடிக்கட்டும், மத்தத அப்புறம் பேசலாம்" என்று அனுப்பி வைத்தவள் சபாபதியின் ஒரே மகள் லோஷினி.

"டீஃப்ராக் பண்றதுக்கு விண்டோஸ் கூடவே ஒன்னு வருதாமே. அது போதுமா, இல்ல வெளியிலேர்ந்து வேற கொண்டாந்து போடணுமா?"

கூடவே வருவது தாராளமாகப் போதும். ஜீவன் அதைத் தன் கடையில் தினமும் நாலு பேரிடம் சொல்கிறவன். ஆனால் எதிர்ச் சுவரில் சபாபதியின் அக்கா மகன் வசந்தன், பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை. முறை மாப்பிள்ளை வேறு. இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏற்கெனவே இருப்பதே போதும் என்று எந்த வாயால் சொல்வது?

"வெளியிலேர்ந்து வர்றதுதான் அங்கிள் நல்லது," என்றான்.

அப்புறம் நடந்தது அதிசயம்தான். இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருள், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களை விரித்தது. சிவப்பெல்லாம் சிதறிய துண்டுகள். ஒன்று இங்கே மறையும், எங்கோ தன் உறவோடு சேர்ந்து நீலமாக முளைக்கும். சபாபதி திறந்த வாயை மூடவில்லை. அவர் மனைவி ராசம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"மொத்தம் பத்தொன்பதாயிரம் பேரு ஜாதகம்," என்றார் சபாபதி மெதுவாக.

ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். ஆனாலும் ஜீவனுக்கு மெய்சிலிர்த்தது. பத்தொன்பதாயிரம் பேர் பிறந்த நேரம் அந்தச் சின்னத் தட்டில் சுழன்றுகொண்டிருக்கிறது. ஏதோ ஒரு கட்டத்தில் லோஷினியும் இருப்பாள். மூவரும் கோயிலில் நிற்பதுபோல் நின்றார்கள்.

பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனதுதான் வினை. ஆளில்லாத நேரம் பார்த்து, விண்டோஸோடு வந்தது தானாக விழித்துக்கொண்டு, எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கியிருந்தது. ஜீவன் விடவில்லை. வெளியாளையும் தானாக ஓடும்படி வைத்தான். அதற்குப் பிறகு இது ஓய்ந்தால் அது, அது ஓய்ந்தால் இது.

"ஒரே அடுப்படியில ரெண்டு பேரு சாமான் அடுக்குற மாதிரி இருக்கு," என்றார் ராசம்மா.

இரண்டையும் அடக்க மூன்றாவதாக ஒன்றை இறக்கினான். ஐந்து நிமிடத்தில் திறந்த ஜாதகம் ஒன்பது நிமிடம் எடுத்தது.

"நாளைக்கு மெர்சிங்லேர்ந்து பொருத்தம் பாக்க வர்றாங்க தம்பி."

சபாபதி கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கவலையாகச் சொன்னார்.

"அங்கிள், நான் சொன்னது தப்பு. வெளியிலேர்ந்து எதுவும் வேணாம். கூட வந்ததே போதும். காலையிலயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் மாத்திச் சொன்னீங்களா?"

"ஆமா அங்கிள்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. லோஷினியைத் தன் கையாலேயே வசந்தனுக்குத் தாரை வார்த்துவிட்டது போலிருந்தது.

வெளியிலிருந்து வந்த இரண்டையும் நீக்கிவிட்டு, இருந்ததையே ஓட விட்டான். அதில் வண்ணமும் இல்லை, கட்டமும் இல்லை. ஒரே ஓர் எண்தான் நத்தையாக இறங்கியது. அதன் எதிரிலேயே மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தான். பூஜ்யம் வந்தது. ஒரு ஜாதகத்தைத் தட்டினால், தட்டிய விரலை எடுப்பதற்குள் திறந்தது.

சபாபதி திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜீவனைப் பார்த்தார். எழுந்து சாமி அறைக்குப் போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று ஜீவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

ராசம்மா தேத்தண்ணியோடு வந்தார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. அவரு டேப்லெட்டுல ஜாதகம் பாக்க ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சு. லோஷினியக் கேட்டு வர்ற பையனுங்களச் சோதிக்கத்தான் இந்தக் கம்ப்யூட்டர வெச்சிருக்காரு."