பல்லவ சேனாதிபதியின் தலைக்கவசம்

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

டில்லி மாமாவுக்கு கோமளம் தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் க்ஷேமம் என்று முதல் வரியில் எழுதச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நின்றாள். எழுதிவிட்டேன். இப்போது அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், அதனால் உண்மையை எழுதுகிறேன். இங்கே ஒருவரும் க்ஷேமமாக இல்லை.

ஐந்தாம் பாரம் முடிந்ததும் என் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா தை மாதமே சொல்லிவிட்டார். கருங்குழியிலிருந்து வந்த ஒரு ஜாதகம் பெருமாள் படத்துக்குக் கீழே காத்துக்கொண்டிருக்கிறது. தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து, ஆண்டு விழாவுக்கு வந்து உங்கள் பெண்ணின் திறமையைப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பாவும் சம்மதித்தார். விழாவில் என் திறமை என்பது ஒரே ஒரு சாமான்தான், மாமா. நாடகத்தில் பல்லவ சேனாதிபதி போட்டுக்கொள்ளும் தலைக்கவசம்.

இதற்கெல்லாம் ஆரம்பம் நீங்கள் போன வருஷம் அனுப்பிய யுத்த ஆயுதங்களின் படப் புத்தகம் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதைப் படிக்காதிருந்தால் சென்னையில் நாடக சாமான் வாடகைக்கு விடும் கடைக்காரர் அனுப்பிய மூன்றில் ஒன்றைப் பேசாமல் எடுத்திருப்பேன். படித்துவிட்டதால் முடியவில்லை. குதிரை மயிர்க் குச்சம் வைத்தது ரோமாபுரிச் சிப்பாயினுடையது. வாய்க்கு இரும்புக் கதவு வைத்தது இங்கிலாந்துப் பிரபுவினுடையது. அதைப் போட்டுக்கொண்டு சேனாதிபதி சரோஜா வசனம் பேசியபோது கிணற்றில் விழுந்தவள் கூப்பிடுவது போல இருந்தது. மூன்றாவது அட்டையில் ஜிகினா ஒட்டியது. அது எந்த தேசத்தினுடையதும் இல்லை. மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டு, சரித்திர டீச்சர் பர்வதத்தோடு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே வெயிலில் பாறை பாறையாகப் பார்த்ததில் வீரர்கள் முக்கால்வாசிப் பேர் கொண்டை மட்டும்தான் போட்டிருந்தார்கள். டீச்சர் தலைவலி என்று நிழலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. கடைசியில் ஒரு குகை வாசலில், கடற்காற்றில் மூக்குத் தேய்ந்துபோன ஒரு காவல்காரனின் தலையில், மணியைக் கவிழ்த்தது போல, விளிம்பு வைத்து, உச்சியில் சின்னக் குமிழோடு ஒன்று இருந்தது. சாக்பீஸ் தேய்ந்துபோகும் வரை சிலேட்டில் அதை வரைந்துகொண்டு வந்தேன்.

பாத்திரக் கடை ஞானதாஸ் அதைப் பித்தளையில் அப்படியே அடித்துக் கொடுத்தார். கேட்காமலே ஈயமும் பூசிவிட்டார். "பித்தளையா வுட்டா அண்டா கணக்கா இருக்கும் பாப்பா. இப்ப பாரு, வெள்ளி மாதிரி கீது" என்றார். கையில் வாங்கியதும் இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. சரித்திரம் சரியாக இருந்தால் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மாமா, எனக்கு அறிவில்லை. அப்பா தினமும் கோயிலில் தீர்த்தம் கொடுத்துவிட்டு, சேவிக்க வந்தவர்கள் தலையில் வைத்து எடுக்கிறாரே, வெள்ளிச் சடாரி, அதைத்தான் நான் தலைக்கவசமாகச் செய்துவைத்திருந்தேன்.

விழாவில் நாலாவது காட்சி வரை ஒன்றும் ஆகவில்லை. கவசத்தின் மேல் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. ஜெயித்துத் திரும்பிய சரோஜா, வேர்வை தாங்காமல் துணியை உருவிவிட்டு, கவசத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது. முதல் வரிசையில் இருந்த சுந்தரவல்லி மாமி எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவளைப் பார்த்து அடுத்த மாமி. பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். சரோஜா திரைப்பக்கம் திரும்பி, "இன்னாடி கோமளம், எல்லாரும் குனிஞ்சிகினு நிக்கிறாங்க, நான் இன்னா பண்றது?" என்றாள். அவள் இறங்கிப் போய் ஒவ்வொரு தலையாக வைத்து எடுக்க ஆரம்பித்துவிட்டாள். எதிரி ராஜா வேஷத்தில் போரில் செத்துக் கிடந்த கண்ணகியும் எழுந்துபோய் வரிசையில் நின்றாள். தலைமையாசிரியையும் குனிந்தார். அப்பா முதல் வரிசையின் கோடியில் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பி நின்றார். சரோஜா அவர் தலையிலும் வைத்தாள். அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்து அது என்ன, வைத்தது யார் என்று பார்த்தார்.

அன்றிலிருந்து அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. நான் எந்தப் பக்கம் போய் நின்றாலும் நேரே எதிர்ச் சுவரையே பார்க்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. தளிகை ஆனதும் இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். அம்மா ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள். என் புத்தகங்களை சரோஜாவுக்குக் கொடுத்துவிடலாமென்று அட்டை போட்டு அடுக்கிவிட்டேன். படித்தவர் நீங்கள் ஒருவர்தான். அப்பாவுக்கு நீங்கள் உடனே எழுதி, சரித்திரப்படி அது சரியான கவசம் என்றும், குற்றம் என்னுடையதல்ல, பல்லவர்களுடையது என்றும் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னாலும் பிரயோஜனம் இருக்காது. இருந்தாலும் எழுதுங்கள்.

மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைகளாவது படிக்கட்டும்.

இப்படிக்கு,
இனிமேல் படிக்கப்போகாத
கோமளம்

பின்குறிப்பு: மாமா, அப்பாவுக்கு எழுத வேண்டாம். உறைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தபோது அவர் உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு வந்து நின்றார். கழுத்தில் தைலமும் ஒரு துணிச்சுற்றும். சரோஜா கவசத்தைக் கொஞ்சம் பலமாக இறக்கிவிட்டாளாம். அன்றிலிருந்து கழுத்தைத் திருப்பவும் முடியவில்லையாம், வாயைத் திறக்கவும் முடியவில்லையாம், ஒரு பெண் குழந்தை தலையில் அடித்துவிட்டதென்று வெளியே சொல்லவும் வெட்கமாம். "இவ்வளவு கனமாவா பண்ணுவா? அடுத்த வருஷ நாடகத்துக்கு எது பண்றதா இருந்தாலும் மொதல்ல எங்கிட்ட காட்டு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, மறுபடியும் முழு உடம்பாகத் திரும்பிப் போனார்.

அடுத்த வருஷம் என்றார், மாமா. நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கேடயங்களைப் பற்றி ஏதாவது புத்தகம் இருந்தால் அனுப்பவும்.