தாரிக்கின் கண்ணேறும் அத்தையின் ஈயமும்

மதிப்பிற்குரிய மக்புலே அத்தைக்கு, தோகாத் நகரிலிருந்து உங்கள் மருமகன் நெவ்ஸாத் பணிவுடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்து, கோழிகளும் ஒழுங்காக முட்டையிடும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி ஷுக்ரானும் நலம். குழந்தை தாரிக் நலமா இல்லையா என்பதுதான் புரியவில்லை.

ஒன்றரை வயதாகியும் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, முகமும் வெளிறிக் கிடக்கிறது. கல்யாண வீட்டில் பட்ட கண்ணேறு என்று, அதைக் கழிக்க நீங்களும் வியாழன் தவறாமல் பஸ் ஏறி வந்து, கரண்டியில் ஈயத்தை உருக்கி, அவன் தலைக்கு மேல் விரித்த துணிக்கு மேலே பிடித்த தண்ணீர்ச் சட்டியில் ஊற்றுகிறீர்கள். புகை அடங்குமுன்பே, "பாத்தியா, எத்தனை முள்ளு! எவ கண்ணோ தெரியல!" என்று உறைந்த ஈயக் கட்டியை எடுத்துக் காட்டுகிறீர்கள். அதைத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னீர்கள், வைத்தோம். பல் முளைக்கும் நேரமல்லவா, அதைச் சப்பிக்கொண்டே நிம்மதியாகத் தூங்குகிறான்.

இதற்கிடையில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல ஈயம் ஏறியிருக்கு, அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பேச்சு வராததுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்" என்கிறார். பழைய பெயிண்டா, குழாயா, கண்மையா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கண்ணேற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, படித்தவரிடம் அதைச் சொல்ல எனக்கும் வெட்கம். வீட்டுக்கு வந்து சுவரைச் சுரண்டினேன், குழாயை மாற்றினேன், பொம்மைகளைத் தூக்கி எறிந்தேன். போன வாரம் மறுபடி பார்த்தால் இன்னும் ஏறியிருக்கிறது! எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண் அவ்வளவு பொல்லாதது போலும். ஆகவே இனி வாரம் இரண்டு முறை வந்து, கொஞ்சம் தாராளமாகவே ஊற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கைகளை முத்தமிட்டு நெற்றியில் வைக்கும்,
நெவ்ஸாத்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடுமுன் ஷுக்ரான் வாங்கிப் படித்தாள். டாக்டரம்மா கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை மேசையில் விரித்தாள். தாரிக்கின் வாயிலிருந்து கட்டியைப் பிடுங்கி அதன்மேல் வைத்தாள்.

"இது என்னங்க?"

"ஈயம்."

"தாள்ல என்ன எழுதியிருக்கு?"

அத்தை, நான் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வியாழன். ஒவ்வொரு முறையும் அவன் தலைக்கு மேல் துணியை விரித்துப் பிடித்தது நான்தான். இப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். இந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீங்கள் அவசியம் வாருங்கள், அவன் உங்களைத் தேடுவான். கரண்டியை மட்டும் கொண்டுவராதீர்கள்.