சுவரில் கவிழ்ந்த படகு

எந்தப் பாடத்தையும் உடனே விளக்கிவிடக் கூடாது, முதலில் ஆவலைக் கிளப்ப வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நல்ல அறிவுரைதான். கடலுக்குப் போகிறவர்களின் பெண்சாதிமாருக்கு மட்டும் முதலிலேயே விளக்கிவிட வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

மன்னார்த் தீவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே விஞ்ஞான ரீச்சராகப் போனேன். எங்கள் பரம்பரையில் கால் நனையாமல் சம்பளம் எடுத்த முதல் ஆள் நான். (அந்தத் திமிர் நடையிலேயே தெரிந்தது என்று அம்மா இன்றும் சொல்வார்.) முதல் வருடப் பெற்றோர் தினத்துக்கு வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி ஐயா வந்தார். என்னை இங்கேயே வைத்திருப்பதா, எங்கோ தூரத்துக்கு மாற்றுவதா என்பது அவர் கையில்தான் இருந்தது. அவரை அசத்திவிடுவது என்று நான் முடிவு கட்டினேன்.

வகுப்பறையையே கமெராவாக்கினேன். யன்னல்களைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, கடல் பக்கம் மட்டும் சின்ன ஓட்டை ஒன்று போட்டேன். வெளியே இருக்கும் காட்சி அதன் வழியாக வந்து எதிர்ச் சுவரில் விழும். தலைகீழாக விழும் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. (ஆவலைக் கிளப்ப வேண்டுமே.)

தாய்மாரெல்லாம் வந்து இருட்டுக்குள் இருந்தார்கள். முன்வரிசையில் ஐயா, பக்கத்துக் கதிரையில் என் அம்மா. கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரில் நிறங்கள் தெளியத் தொடங்கின. அன்று வெயில் புகைச்சலில் கடலும் வானமும் ஒரே வெளிர் நீலம். எது மேலே எது கீழே என்று எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. அதற்குள் மெல்ல ஒரு ரோசா நிறம் நகர்ந்து வந்தது.

"உது எங்கட போட் எல்லே?" என்றார் அம்மா.

வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை அப்பா படகுக்கு அடித்திருந்தார். மன்னாரில் வேறு யாரிடமும் அப்படியொரு படகு இல்லை. அவ்வளவு மங்கலிலும் அம்மா அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓம் அம்மா, வடிவாப் பாருங்கோ என்றேன்.

அம்மா வடிவாகப் பார்த்தார். பிறகு கதிரை விழுந்த சத்தம்தான் கேட்டது.

"மடு மாதாவே, கவிண்டு போச்சு."

அம்மா ஓட, எல்லாத் தாய்மாரும் ஓட, நடுவில் அகப்பட்ட ஐயாவும் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ஓடினார். விளக்கம் சொல்லிக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். யார் கேட்டது?

அப்பா அப்போதுதான் கரையில் இறங்கி மீன்கூடையோடு நின்றார். ஊரே தன்னை நோக்கி அழுதுகொண்டு வருவதைக் கண்டதும், மனிசன் பதறித் திரும்பிக் கடலைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"ஆருக்கு என்னப்பா நடந்தது?"

"உங்களுக்குத்தான்" என்று அம்மா அவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

ஐயா மூச்சு வாங்கியபடி, பாடத்தை இங்கேயே முடியுங்கோ ரீச்சர் என்றார். ஈர மணலில் குச்சியால் கீறினேன். ஒளி நேராகத்தான் போகும். மேலிருந்து வருவது ஓட்டைக்குள்ளால் கீழே போய் விழும், கீழிருந்து வருவது மேலே. நம் கண்ணுக்குள்ளும் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளைதான் நிமிர்த்தி வைக்கிறது என்றேன்.

அம்மா மூக்கைத் துடைத்தார். "அந்தச் சுவருக்கு மூளை இல்லையெண்டு முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

இத்தனை வருடத்தில் அந்தப் பாடத்தை அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை. பெற்றோரின் பங்கேற்பு மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டு ஐயா போனார்; நான் இன்றும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். ஓடும்போது அம்மா வைத்த நேர்த்திக்கடனுக்காக மடு மாதா கோவிலுக்கு நடந்தும் போனோம். (கவிழாத படகுதான், ஆனாலும் நேர்த்தி நேர்த்தியாம்.)

இப்போதும் கரை தெரிந்ததும் அப்பா கடலிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். மீன் பட்டதா இல்லையா என்பதெல்லாம் பிறகுதான்.

"நேராத்தான் வாறன் எண்டு கொம்மாட்டச் சொல்லு."