வீட்டுக்குள் சர்வர் நாட்டிய படலம்

களத்தில் இருந்தோர்: காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து பிறர் கொண்டுவரும் கோப்புகளைப் படிக்காமலே கையெழுத்திடும் வீட்டுக்காரர், கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அவர் மனைவி, மத்தியானத்திலிருந்து சோபாவைவிட்டு எழாத மனைவியின் தம்பி, மகனைப் பெற்ற பெருமையை இன்னும் கீழே இறக்கிவைக்காத அம்மா. இவர்களோடு ஒரு பழைய டிஸ்க், ஒரு புது டிஸ்க், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுங்கக்கூடிய கறுப்புப் பெட்டி ஒன்று. பூனையும் இருந்தது. பெட்டியைப் பிரித்ததும் அது வெளியேறிவிட்டது. அந்த வீட்டில் வருமுன் அறியும் ஆற்றல் அதற்கு மட்டுமே வாய்த்திருந்தது.

வாழ்க, வீடியோ பார்த்து வித்தை கற்ற வேந்தே! செய்முறைத் தாளைச் சுருட்டி எறிந்த செங்கை வீரரே! திருகாணி நான்கில் ஒன்றை மிச்சம் வைத்து "இது தேவையில்லாதது" என்று தீர்ப்புரைத்த திறலோரே! உம் புகழைப் பாட ஆயிரம் நாவு வேண்டாம்; அரை நாவு போதும், மீதி அரையை அடக்கிக்கொள்வதுதான் கடினம்.

போர் மூண்ட காரணம் இது. அதுவரை இந்தக் குடும்பத்தின் கோப்புகளெல்லாம் சந்தா கட்டிப் பெற்ற ஓர் இணையச் சேமிப்பில் இருந்தன. "ஊரான் வீட்டு அலமாரியில் நம்ம பொருள் எதுக்கு?" என்று முழங்கிய தலைவர், தமக்கென ஒரு சர்வரை, அதாவது கோப்புகளைக் காக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை, வீட்டிலேயே நாட்டி, எல்லோருடைய கோப்புகளையும் தம் காவலில் வைப்பதாகச் சூளுரைத்து, சர்வர் வருமுன்பே சந்தாவை ரத்து செய்தார். பாலம் கட்டுமுன் படகை எரிக்கும் இவ்வகை வீரம் மேற்பார்வையாளர்களிடம் மட்டுமே காணக்கிடைப்பது. ஆகவே மனைவியின் வரைபடங்கள், தன் பெயரில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலையான பள்ளிக்கூடக் கட்டடத்தின் தளங்கள், படிக்கட்டுகள், தூண்கள் அனைத்தும், உலகில் ஒரே ஓரிடத்தில், ரத்தாகுமுன் அவள் அவசரமாக இறக்கிவைத்த அந்தப் பழைய டிஸ்க்கில் மட்டுமே எஞ்சியிருந்தன.

"ஏங்க, அதை இன்னிக்கு எடுக்காதீங்க. சாயங்காலம் பில்டர் வராரு. எல்லாமே அதுலதான் இருக்கு."

"அது பத்திரமா இருக்கணும்னுதானே இவ்வளவு பாடும்!" என்றார் தலைவர்.

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். டிஸ்க் கைமாறியது.

பின்னர் நிகழ்ந்த சமரை என்னென்பேன்! மின்விசிறி சுழலப் பெட்டி உறுமியது, படுகளத்தில் பகைவர் முரசு அதிர்ந்ததுபோல். நீல விளக்கு சிமிட்டியது, சினங்கொண்ட வேழத்தின் சிறுகண்போல். பெட்டியை இணையத்தோடு பிணைத்த வலைக்கம்பியோ டிவி மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே நீண்டு கிடந்து, தட்டெடுத்து வந்த அம்மாவின் காலை இருமுறை வாரியது, வீழ்ந்த வீரனை விடாது பற்றும் பாசக்கயிறுபோல். கடவுச்சொல்லை அமைத்தார் தலைவர். அமைத்த கையோடு மறந்தார். மறந்ததற்குப் பெட்டியை வைதார். வைதுகொண்டே முதலிலிருந்து தொடங்கினார்.

"மாமா, பொட்டி ஜெயிக்கிற மாதிரி தெரியுதே?" என்றான் சோபாவில் கிடந்த மைத்துனன்.

"எம்புள்ள ஒண்ணத் தொட்டா முடிக்காம விடமாட்டான்டா," என்று அம்மா அவனை அடக்கினாள்.

கடைசியில் பெட்டி பணிந்தது. அதன் இரு வாயில்களும் திறந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. எந்த டிஸ்க் எங்கே என்ற வினா எழுந்தபோதுதான் தலைவரின் அலுவலக ஞானம் கதிரவனென உதித்தது. அவர் அலுவலகத்தில் உயர்ந்தது மேலே இருக்கும், தாழ்ந்தது கீழே இருக்கும். மேசையும் அப்படி, நாற்காலியும் அப்படி, சாப்பாட்டு அறையில் உட்காரும் வரிசையும் அப்படி. புது டிஸ்க் பெரியது, பளபளப்பானது, விலை கூடியது. மனைவியின் டிஸ்க்கோ மூலை நசுங்கியது, ஸ்டிக்கர் உரிந்தது. ஆகவே ஒரு துளியும் எழுதப்படாத புதியதை மேலே அரியணை ஏற்றி, பள்ளிக்கூடம் முழுவதையும் சுமந்த பழையதைக் கீழே தள்ளினார்.

பெட்டி, இயந்திரத்துக்கே உரிய பணிவோடு, திரையில் கேட்டது: "மேலே உள்ளதைப் போலவே கீழே உள்ளதை ஆக்கவா?" இரண்டாவது வரியில் இன்னும் பணிவாக எச்சரித்தது: "கீழே உள்ளவை அழிந்துவிடும்."

முதல் வரியைப் படித்ததும் தலைவர் மெய்சிலிர்த்தார். மேலுள்ளதைப் பார்த்துக் கீழுள்ளது திருந்துவது! தாம் பணிக்காலம் முழுவதும் ஊழியர்களிடம் ஓதிவந்த வேதமல்லவா இது! இரண்டாம் வரியைப் படிப்பது கீழ்நிலை ஊழியர் வேலை. சரி என்று அழுத்தினார்.

உடனே முடிந்தது. வெறுமையைப் படியெடுக்க நேரம் பிடிப்பதில்லை.

"பாத்தீங்களா வேகத்தை!" என்று எழுந்து நின்றார், மாற்றார் மதிலில் கொடியேற்றிய மன்னர்போல. "அந்த ஆன்லைன்ல இதுக்கு அரை நாள் ஆகும்!"

மனைவி வந்து திரையைப் பார்த்தாள். மேல் டிஸ்க்கைத் திறந்தாள். கீழ் டிஸ்க்கைத் திறந்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அந்த ஒற்றுமையில் அணுவளவும் பிழை இல்லை.

"முடிச்சிட்டாரு," என்றான் தம்பி. இம்முறை அம்மா அவனை அடக்கவில்லை.

மனைவி செல்பேசியை எடுத்து பில்டரிடம் பேசினாள். "சார், இன்னிக்கு முடியல. நாளைக்குக் காலையில கண்டிப்பா தரேன்."

"காலையில வரலைன்னா வேற ஆளப் பாத்துப்பேம்மா. கோச்சுக்கக் கூடாது," என்றது மறுமுனை.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைவிலிருந்து விடிவதற்குள் எழுப்பியாக வேண்டும். அவள் கூடத்து மேசையைத் துடைத்துத் தன் கணினியை வைத்தாள். அப்போதும் அடங்கவில்லை நம் தலைவரின் தோள் தினவு.

"அழிஞ்சதை மீட்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு வீடியோ பாத்தேன். அந்த டிஸ்க்குல ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேன்..."

"தொடாதீங்க."

"சரி, நான் பக்கத்துல உக்காந்து அளவு சொல்றேன். படிக்கட்டு எத்தனை அடின்னு..."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தோராயமா..."

மனைவி பெட்டியின் வயர்களைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, மீதியை அவர் கையில் கொடுத்து, வாசலைக் காட்டினாள். ஆயிரம் கோப்புகளை ஆள நினைத்த அண்ணல், முடியிழந்து நாடிழந்து கானகம் ஏகும் கோமகனென, கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்து, வலைக்கம்பி பின்னால் தரையில் புரண்டு வர, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, தம் அறத்தையும் ஆற்றலையும் உணராத இப்பாழுலகை மன்னித்தருளும் பெருந்தகையோடு, பக்கத்து வீட்டார் பார்க்க, படியில் ஓரடி எடுத்து வைத்தார்.

அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.